எச்சரிக்கை நாளுக்கும் கூலி வேண்டும்

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.” குமரிக்கடல், மன்னார் வளைகுடா, தென்மேற்கு வங்கக்கடல் என்று கடல்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வீசும் என்று சொல்வார்கள். கடைசியில் ‘வேண்டாம்’ என்று முடிப்பார்கள். கடலுக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்பது அறிக்கையில் இருக்காது. அது வானிலைத் துறையின் வேலை இல்லை என்பார்கள். சரி, அப்படியானால் அது யாருடைய வேலை?

நான் புதியம்புத்தூர்க்காரன். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஒட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கும் கரிசல் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு ரெடிமேட் துணி தைக்கும் ஊராகத் தெரியும். ஊரைச் சுற்றி உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் என்று மானாவாரி நிலம். என் அம்மா களையெடுப்புக்கும் மிளகாய்ப்பழம் பறிக்கவும் போகிறவர். சித்தி ஒரு தையல் கம்பெனியில் பீஸ் கணக்குக்குத் தைக்கிறவர். எங்கள் தெருவில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் எங்கள் பிழைப்பும் கடலில்தான் தீர்மானமாகிறது.

கடலில் இருந்து வரும் மழை

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. எங்களுக்கு மிஞ்சுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. கீழைக்காற்று வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. கடலில் ஒரு தாழ்வுப் பகுதியோ மேலடுக்குச் சுழற்சியோ உருவானால் அந்த ஈரம் மழையாகக் கொட்டும். உருவாகாவிட்டால் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே ஏறக்குறைய 65 செ.மீ. தான். அந்த மழையை நம்பித்தான் புரட்டாசியில் புழுதி விதைப்பு நடக்கிறது.

வெப்பமண்டலக் கடலின் வானிலையைக் கணிப்பது எளிதான காரியம் அல்ல. குளிர்நாடுகளில் பெரிய பெரிய காற்றழுத்த அமைப்புகள் நாள்கணக்கில் நகர்ந்து வரும். அவற்றைத் தொலைவிலிருந்தே பின்தொடரலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் அழுத்த வேறுபாடுகள் சிறியவை. சூடான கடல்நீரிலிருந்து எழும் இடிமேகங்கள் சில மணி நேரத்தில் திரண்டுவிடும். நிலத்தில் வைப்பதுபோல் கடலுக்கு மேல் நெருக்கமாக மழைமானிகள் வைக்க முடியாது. செயற்கைக்கோளும், ஆங்காங்கே மிதக்கவிடப்பட்ட கருவிகளும், கப்பல்கள் தரும் தகவலும்தான் கண்கள். இதற்குள்தான் நம் விஞ்ஞானிகள் வேலை செய்கிறார்கள். அவர்களைக் கேலி செய்வதில் எனக்கு விருப்பம் இல்லை. முன்னறிவிப்பு கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாக மேம்பட்டிருக்கிறது என்பதும் உண்மை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். குமரிக்கடல் பகுதியில் ஒரு மேலடுக்குச் சுழற்சி நின்றது. அது புயல் அல்ல. அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அது நகராமல் நின்று கடலின் ஈரத்தை இழுத்து இழுத்துக் கரையில் கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. ஓராண்டு மழையைவிட அதிகம், ஒரே நாளில். கரிசல் மையமான கோவில்பட்டியில்கூட ஏறக்குறைய அரை மீட்டர். தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு சிக்கிக்கொண்டது.

வானிலைத் துறையின் அளவுகோலில் ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் ‘அதி கனமழை’. அதற்கு மேல் சொல் இல்லை. 21 செ.மீ.யும் அதி கனமழைதான், 95 செ.மீ.யும் அதி கனமழைதான். இரண்டுக்கும் ஒரே சிவப்பு நிறம். முதலாவது வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். இரண்டாவது வந்தால் தெருவே இருக்காது.

யார் சொன்னார்கள், யார் சொல்லவில்லை

வெள்ளம் வடியும் முன்பே சண்டை தொடங்கியது. ஐந்து நாள் முன்பே எச்சரித்தோம் என்றது ஒன்றிய அரசு. இவ்வளவு பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை என்றது மாநில அரசு. தொலைக்காட்சி விவாதங்கள் பல நாள் இதிலேயே ஓடின. இரண்டு தரப்பும் பேசியது அதிகாரிகளுக்குத் தகவல் எப்போது வந்தது என்பதைப் பற்றி. தகவல் வந்த பிறகு ஒரு கூலித் தொழிலாளி என்ன செய்திருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. ஆனால் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஆர்டர் குவிந்திருக்கும் மாதத்தில் தையல் மெஷினுக்கு ஞாயிறு கிடையாது. சித்திக்குப் போன் வந்தது: “மழைதானே, வந்துட்டுப் போங்க. சரக்கு போகணும்.” அவர் போனார். வானிலை அறிக்கை அவருக்குத் தெரியும். மகன் கைப்பேசியில் காட்டியிருந்தான். போகாவிட்டால் அன்றைய பீஸ் கணக்கு போகும். அடுத்த வாரம் அவருடைய மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். பகலிலேயே கரண்ட் போய்விட்டது. தைத்ததற்கு மட்டும் காசு. முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு வந்து சேர்ந்தார்.

அம்மாவிடம் பிறகு ஒருநாள் எச்சரிக்கையின் நிறங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏய்யா, செவப்புன்னா கூலி குடுப்பாவளா?” என்றார். நான் படித்த எந்தப் பேரிடர் மேலாண்மைக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை.

எச்சரிக்கை என்பது வெறும் தகவல் இல்லை. அது ஒரு கோரிக்கை: இன்றைய வேலையை விடு, வீட்டை விட்டு வெளியேறு, ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிடு. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. மாதச் சம்பளக்காரர் விடுப்பு போட்டு அந்த விலையைக் கொடுக்காமல் தப்பிக்கலாம். மேட்டு நிலத்தில் காங்கிரீட் வீடு உள்ளவர் மாடி ஏறிக்கொள்ளலாம். நம் கிராமங்களில் மேட்டு நிலம் யாருடையது, ஓடைக்கரைப் பள்ளம் யாருடையது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரும் சேரியும் பிரிக்கப்பட்டபோது தண்ணீரின் பாதையும் சேர்ந்தே பிரிக்கப்பட்டது.

ஒக்கி, கஜா, சுனாமி

கடலில் இதே கதை இன்னும் கொடூரமாக நடந்தது. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் ஒக்கிப் புயல் ஆனது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கன்னியாகுமரி மாவட்ட ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவர்கள். ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற அறிவிப்பு ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு என்ன சொல்கிறது? அதுகூட அவர்களைச் சென்றடையவில்லை. கரையிலிருந்து அவ்வளவு தூரம் எட்டும் கருவி அவர்களிடம் இல்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தன. 2019இல் ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் ‘ஜெமினி’ கருவியை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அறிமுகப்படுத்தியது. தொழில்நுட்பம் முன்பே சாத்தியமாக இருந்தது. யாருக்காக அதைச் செய்வது என்ற கேள்விக்குப் பதில் வரத்தான் இத்தனை சாவு தேவைப்பட்டது.

முன்னறிவிப்பு துல்லியமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? கஜா புயல் அதற்குப் பதில் சொல்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தது. முன்கூட்டியே கணிக்கப்பட்டது, பல்லாயிரம் பேர் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள். அரசுக்குப் பாராட்டும் கிடைத்தது. அதே இரவில் பட்டுக்கோட்டை அருகே ஒரு கிராமத்தில், பூப்பெய்தியதால் தனிக் குடிசையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, அதன் மேல் தென்னை மரம் சாய்ந்து இறந்துபோனாள். புயலின் பாதை, வேகம், நேரம் எல்லாம் தெரிந்திருந்தன. ‘தீட்டு’ என்ற ஒன்றை மட்டும் எந்தச் செயற்கைக்கோளும் படம் பிடிக்கவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் தலித் மக்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் நிவாரணத்தில் விடுபட்டதையும் தலித் அமைப்புகளும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் போன்ற அமைப்புகளும் பதிவு செய்தன. ஒதுக்குதல் பழைய சாதி வழக்கம். விடுபட்டதற்கு ஒரு கணக்கும் இருந்தது. படகு போனவருக்குப் படகு, வலை போனவருக்கு வலை. படகில் கூலிக்குப் போனவருக்கும், கரையில் மீன் சுமந்தவருக்கும், உப்புநீர் ஏறிய வயலில் நாற்று நட்டவருக்கும் இழந்ததாகக் காட்ட ஒரு பொருளும் இல்லை. சொத்தை மட்டும் இழப்பாகக் கணக்கிடும் அரசின் கண்ணுக்கு உழைப்பு இழப்பாகத் தெரியாது.

கப்பல்களுக்காகப் பிறந்த துறை

இந்தப் பார்வை புதிதல்ல. 1864 அக்டோபரில் கல்கத்தாவை ஒரு பெரும் புயல் தாக்கியது; துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நொறுங்கின. மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. பிறகு 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. துறை தொடங்கிய மறு ஆண்டே சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் பிடித்தது. மழை பொய்த்தது என்று அரசுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே தானியம் ஏற்றுமதியானது. நிவாரண வேலைக்கான கூலி, உயிர் தங்குவதற்கும் போதாத அளவுக்குக் குறைக்கப்பட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். உயிர் தப்பிய பலர் இலங்கைக்கும் பிற நாடுகளுக்கும் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். வானத்தைப் பற்றிய அறிவு வயிற்றுக்குப் போய்ச் சேரத் தனியாக ஓர் அரசியல் தேவை என்று அன்றே தெளிவாகிவிட்டது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இன்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. எந்த எண் கூண்டு என்று செய்தியில் சொல்வார்கள். அது கப்பல்களுக்கான மொழி. விவசாயிகளுக்கென்று வேளாண் வானிலை அறிக்கை தனியாக உண்டு. மழை வருகிறது, உரமிடுவதைத் தள்ளிப்போடுங்கள், மருந்தடிக்காதீர்கள், அறுவடையை முடித்துவிடுங்கள் என்று அது சொல்கிறது. பயனுள்ள அறிக்கைதான். 2024 மார்ச்சில் நாடு முழுவதும் 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளை ஒன்றிய அரசு மூடியபோது நாம் எதிர்த்திருக்க வேண்டும். ஆனால் அந்த அறிக்கையை மறுபடி படித்துப் பாருங்கள். அது நிலம் வைத்திருப்பவரிடம் பேசுகிறது. ‘உரமிடுவதைத் தள்ளிப்போடுங்கள்’ என்றால் இரண்டு பெண்களுக்கு இரண்டு நாள் வேலை இல்லை என்று பொருள். ‘அறுவடையை முடித்துவிடுங்கள்’ என்றால் இடி மின்னலில் யாரோ காட்டில் நிற்க வேண்டும் என்று பொருள். அந்த யாரோ யார் என்பது அறிக்கையில் இருக்காது.

முன்னுதாரணம் இருக்கிறது

நான் கேட்பது இதுதான். ஒரு வட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டால், அந்த நாள் கூலியோடு கூடிய விடுப்பு நாளாக அறிவிக்கப்பட வேண்டும். மீனவர், விவசாயக் கூலி, தையல், கட்டடம், உப்பளம் என்று எல்லா முறைசாராத் தொழிலாளர்களுக்கும் ஒரு நாள் கூலி அவர்கள் கணக்கில் ஏற வேண்டும். எச்சரிக்கை வந்த அன்றே ஏற வேண்டும். அந்த நாளில் வேலைக்குக் கட்டாயப்படுத்தும் முதலாளி மீது நடவடிக்கை வேண்டும்.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு மூன்று பதில்கள்.

முதலாவது, தமிழ்நாடு இதன் ஒரு பகுதியை ஏற்கெனவே செய்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் தரப்படுகிறது. அது 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் தரப்படுகிறது. இரண்டும் போராடிப் பெற்றவை. ‘போகாதே என்று சொன்னால் அந்த நாளுக்குப் பொறுப்பேற்க வேண்டும்’ என்ற கொள்கையை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. மீன்குஞ்சுகளைக் காப்பாற்ற ஒப்புக்கொண்டதை மனிதர்களைக் காப்பாற்றவும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வேறு இடங்களில் தொடங்கியாயிற்று. சுயதொழில் பெண்களின் சங்கமான ‘சேவா’ வெப்ப அலைக்கு இப்படி ஒரு காப்பீட்டை நடத்துகிறது. வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், இழப்பை நிரூபிக்காமலேயே உறுப்பினருக்குப் பணம் போகிறது. 2024 கோடையில் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரத்தில் ஏறக்குறைய 50,000 பெண்களுக்குத் தலா 400 ரூபாய் அளவில் கிடைத்தது. தொகை சிறியது. ஆனால் அந்தப் பணத்தில் ஒருவர் ஒரு மதியம் நிழலில் உட்காரலாம். சங்கம் ஒன்றால் முடிவதை அரசு பெரிய அளவில் செய்ய முடியாதா?

மூன்றாவது, பணம். ஒரு வட்டத்துக்கு ஆண்டில் எத்தனை சிவப்பு நாள் வரும்? பெரும்பாலான ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணிவிடலாம். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 319 ரூபாய். 2023 வெள்ளத்துக்குப் பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாயும், மற்ற வட்டங்களில் 1,000 ரூபாயும் அரசு கொடுத்தது. கொடுத்தது சரி. தண்ணீர் வடிந்த பிறகு வந்த அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி முந்தின நாள் வந்திருந்தால், பலர் வேலைக்குப் போகாமல் வீட்டில் பாத்திரபண்டங்களை மேலே ஏற்றிவைத்திருப்பார்கள்.

கணிப்பு பொய்த்தால் பணம் வீண்தானே என்று கேட்பார்கள். வெப்பமண்டலக் கடலில் கணிப்பு சில நேரம் பொய்க்கும்; அதைத் தவிர்க்க முடியாது. இன்று அந்தப் பொய்த்த எச்சரிக்கையின் செலவை யார் சுமக்கிறார்கள்? படகை இழுத்துக் கட்டிவிட்டு வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மீனவர். நடவை விட்டுவிட்டு வீட்டில் இருந்த கூலிப்பெண். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை அவர்கள் கேட்க மாட்டார்கள். ‘மக்கள் எச்சரிக்கையை மதிப்பதில்லை’ என்று அதிகாரிகள் சொல்வது இதைத்தான். மதிப்பதற்கான செலவைப் பகிர்ந்துகொண்டால் மதிப்பார்கள்.

பட்டியல் எங்கே என்றும் கேட்பார்கள். தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, நூறு நாள் வேலை அட்டை இருக்கிறது, மீனவர் அடையாள அட்டை இருக்கிறது. நம் பெயர்கள் அரசிடம் இல்லாமல் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

1945 நவம்பரில் கட்டாக்கில் ஒரிசா வெள்ளத்தைப் பற்றி ஒரு மாநாடு நடந்தது. வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் அதில் பேசினார். வெள்ளநீரை எப்படியாவது கடலுக்குத் துரத்திவிட வேண்டும் என்ற பழைய பார்வையை அவர் மறுத்தார். அந்த நீரைத் தேக்கி மக்களின் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் போக்குவரத்துக்கும் பயன்படுத்த வேண்டும் என்று வாதிட்டார். வெள்ளம் அவருக்கு இயற்கையின் கோபமாகவோ விதியாகவோ தெரியவில்லை. ஏழைகளின் வாழ்க்கையை மாற்றும் பொதுக் கொள்கைக் கேள்வியாகத் தெரிந்தது. சாதி ஒழிப்பு இயக்கத்தில் இருக்கும் நாம் வானிலையை ‘சுற்றுச்சூழல்காரர்களின் விஷயம்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நம்மில் பலர் புயல் நேரத்தில் வெதர்மேன்களைப் பின்தொடர்கிறோம். செயற்கைக்கோள் படம் பார்க்கத் தெரியும். எந்தச் சுழற்சி எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரியும். அந்த அறிவோடு இன்னும் சில வேலைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் தண்ணீர் முதலில் ஏறும் தெருக்கள் எவை என்று எழுதுங்கள். முகாம் எந்தக் கட்டடம், அதன் சாவி யாரிடம் இருக்கிறது, சேரி மக்கள் அங்கே தயக்கமில்லாமல் நுழைந்து தங்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள். கோயில் மண்டபமோ சாதிச் சங்கக் கல்யாண மண்டபமோ முகாமாகக் குறிக்கப்பட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கடலோரத் தோழர்களோடு பேசுங்கள். நம் மாவட்டத்தில் கடற்கரையும் கரிசலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் இரண்டின் உழைப்பாளிகளும் ஒரே மேடையில் நிற்பது அரிது. ஒரே கடல் இருவரையும் அடிக்கிறது. ஒரே கோரிக்கை இருவரையும் சேர்க்கும்.

மழை தொடங்குமுன் நமக்குக் கிடைக்கும் கடைசி கிராம சபை அக்டோபர் 2. அங்கே வைக்க வேண்டிய தீர்மானத்துக்கு இரண்டு வரி போதும்: எங்கள் வட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும் நாளில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் அன்றைய கூலியை அரசு வழங்க வேண்டும். எங்கள் ஊரின் முகாம் எல்லாத் தெருக்காரர்களும் உரிமையோடு நுழையும் பொதுக் கட்டடமாக இருக்க வேண்டும். புதியம்புத்தூரில் நாங்கள் கையெழுத்து வாங்கத் தொடங்குகிறோம். உங்கள் ஊரிலும் தொடங்குங்கள்.